வெளியே வைரம், உள்ளே சோறு: பனங்கட்டையின் கதை

மரத்துல எது ரொம்பக் கடினம்னு பட்டணத்துல இருக்கிற சில நண்பர்கள் என்கிட்ட கேட்டிருக்காங்க. வீடு கட்டுறவங்க, கதவு செய்யக் கொடுக்கிறவங்க எல்லாம் கேட்பாங்க. தேக்குன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பார்ப்பாங்க போல. தேக்கு நல்ல மரம்தான், ஆனா கடினமான மரம் கிடையாது. இழைப்புளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். அதுல இருக்கிற எண்ணெய்ச் சத்தாலதான் கரையான் அண்டாம நிக்குது. உழைக்கிறது வேற, கடினம் வேற. இதை முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்.

எங்க பக்கம் ஆசாரிமாருங்க "இந்த மரம் கடினமா?"ன்னு கேட்க மாட்டாங்க. "வைரம் எங்க இருக்கு?"ன்னுதான் கேட்பாங்க. வேம்பு, கருவேல், வேங்கை, கருங்காலி எல்லாத்துக்கும் வைரம் நடுவுல. வெளியில வெளுப்பா ஒரு சுத்து இருக்கும், அதைச் செதுக்கித் தள்ளிட்டு உள்ளே சிவப்பாவோ கறுப்பாவோ இருக்கிறதைத்தான் எடுப்பாங்க. பனையும் தென்னையும் மூங்கிலும் நேர் எதிர். வைரம் வெளியில, நடுவுல வெறும் சோறு. இந்த வித்தியாசத்தை இன்னைக்கு நேத்து கண்டுபிடிக்கல. தொல்காப்பியம் மரபியல்லயே இருக்கு. வெளியே காழ் உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம்னு பிரிச்சு வச்சிருக்காங்க. காழ்னா வைரம்தான். அந்தக் கணக்குப்படி பனை மரமே கிடையாது, புல்லு! படிச்சவங்க கிட்ட கேட்டா தாவரவியலும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லுதுங்கறாங்க. நெல்லு, கரும்பு, பனை எல்லாம் ஒருவித்திலை வகை. இன்னொண்ணு கவனிங்க. வேப்ப இலைன்னு சொல்றோம், பனை இலைன்னு யாரும் சொல்றதில்ல. பனைக்கு ஓலை, பாளை, மடல், ஈர்க்கு. புல்லுக்குன்னு அந்த மரபியல்ல ஒதுக்கின பேருங்களை ரெண்டாயிரம் வருஷமாப் பள்ளிக்கூடம் போகாத சனம் கூட மாத்தாமச் சொல்லிக்கிட்டு வருது.

வைரம்ங்கற சொல்லுக்கே நம்ம ஆளுங்க வச்சிருக்கிற அர்த்தத்தைப் பாருங்க. கல்லுக்கும் அதுதான் பேரு, மரத்தோட கெட்டிக்கும் அதுதான், மனசுல வச்சுக்கிற பகைக்கும் அதுதான். காழ்லேர்ந்துதான் காழ்ப்பு.

மத்த கடின மரங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை. கருங்காலி உலக்கைக்கும் கோடாலிக் காம்புக்கும் போகும். தன் இனத்தையே வெட்ட உதவுறதால காட்டிக்கொடுக்கிறவனுக்கு அந்தப் பேரு வந்துச்சு. இப்ப அதே கருங்காலியை மாலையாக் கோத்து, ராசிக்கு நல்லதுன்னு விக்கிறாங்க. காலம் அப்படி. தருமபுரி, சேலம் காட்டுப் பக்கம் ஆச்சான்னு ஒரு மரம் இருக்கு. இந்தியாவுல ரொம்பக் கனமான மரங்கள்ல ஒண்ணு, தண்ணியில போட்டா முங்கிடும். காய்ஞ்சபிறகு ஆணி ஏறாது. தென் அமெரிக்காவுல கெப்ராச்சோன்னு ஒரு மரம் இருக்காம், அந்தப் பேருக்கு அர்த்தமே கோடாலி உடைப்பான்னு என் மகன் படிச்சுக் காட்டினான். மரத்தோட கடினத்தை அளக்க 1906-லேர்ந்து ஒரு முறையும் இருக்கு. 11.28 மில்லிமீட்டர் எஃகுக் குண்டைப் பாதி இறங்குற வரைக்கும் மரத்துல அமுக்கி, எவ்வளவு பலம் தேவைப்பட்டுச்சுன்னு பார்க்கிறது. ஜான்கா சோதனைன்னு பேரு. இந்தச் சோதனை பனைக்குச் சரிப்பட்டு வராது. குண்டை எங்க வச்சு அமுக்கறோம்ங்கறதைப் பொறுத்து விடை மாறும். அடித்தூர்ல தோலை ஒட்டி அமுக்கினா இரும்பு. அதே மரத்துல ஒரு சாண் உள்ளே தள்ளி அமுக்கினா அவல்.

எங்க சாயல்குடிச் சீமை காடு இல்லாத சீமை. மலை இல்ல, ஆறும் பேருக்குத்தான். வேங்கையும் ஆச்சாவும் எங்களுக்குக் கதையில வர்ற மரங்கள். தேரிமண்ணுல நின்னது பனை ஒண்ணுதான். அதனால உத்தரமும் பனை, கைமரமும் பனை, சட்டமும் பனை. கமலைக் கிணத்து மேல போட்ட தடியும் பனை, ஏத்தத் துலாவும் பனை. கூரை மேய்ஞ்ச ஓலை, கட்டின நார், எல்லாம் அதுலேர்ந்தேதான். எங்க தாத்தா காலத்து வீடு ஒண்ணை முழுசா அக்கு வேறா பிரிச்சுப் போட்டா மண்ணு ஒரு குவியல், பனை ஒரு குவியல், அவ்வளவுதான் மிஞ்சும்.

கட்டைக்குப் பனையைத் தேர்ந்தெடுக்கிறது தனி வித்தை. ஆண் பனையை எங்க பக்கம் அலகுப்பனைன்னும், காய் பிடிக்கிற பெண் பனையைப் பருவப்பனைன்னும் சொல்லுவோம். கட்டைக்குப் பருவப்பனைதான் கேட்பாங்க. அதுலதான் வைரம் கறுப்பா, அடர்த்தியா ஓடியிருக்கும். வயசு முக்கியம். 30, 40 வருஷத்துப் பனை வளர்ந்த மரம் மாதிரித்தான் தெரியும், ஆனா வெட்டிப் பார்த்தா வைரம் விரல் கனம் கூட இருக்காது. தாத்தா நட்டதைப் பேரன் வெட்டலாம்ங்கறது எங்க ஊர்க் கணக்கு. கோடாலியோட பின்பக்கத்தால அடிமரத்துல தட்டிப் பார்ப்பாங்க. இளம் மரம் 'தொப்'புன்னு சொல்லும். முத்தின மரம் 'ணங்'குன்னு சொல்லும், கையில அதிர்வு வரும். அப்புறம் ஒரு இடத்துல லேசாச் செதுக்கி நாரோட நிறத்தைப் பார்ப்பாங்க.

மத்த மரத்துக்கு வருஷா வருஷம் ஒரு வளையம் கூடிக்கிட்டே போகும், அடிமரம் பருத்துக்கிட்டே போகும். பனைக்கு அந்த வளையமே கிடையாது. ஒரு தடவை தூர் பருமன் எடுத்துட்டா அதோட சரி, அப்புறம் மேலேதான் போகும். அப்ப வயசாக வயசாக எப்படிக் கெட்டியாகுது? உள்ளே நீளவாக்குல ஓடுற கறுப்பு நார் நரம்புகள்தான் காரணம். அந்த நரம்புங்க தோலோரமா நெருக்கி நெருக்கி நிக்கும், நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கும். வருஷம் போகப் போக அந்த நரம்பு தடிச்சுக் கல்லாகும். சாகிற வரைக்கும் கெட்டிப்பட்டுக்கிட்டே இருக்கும். அதனாலதான் ஒரே மரத்துல அடியில உள்ளது மூத்தது, கெட்டி. உச்சியில உள்ளது பிஞ்சு. மரத்துல கீழே இருக்கிற 20, 25 அடிதான் வீட்டுக்கு. அதுக்கு மேல உள்ளது வேலிக்கும் விறகுக்கும்.

சாய்ச்ச மரத்தை ரம்பத்தால அறுக்கிறது அப்புறம் வந்த பழக்கம். முன்னாடி பிளக்கத்தான் செய்வாங்க. தலைமாட்டுல கோடாலியால வாய் வச்சு, ஆப்பு இறக்கி, அடுத்த ஆப்பு, அதுக்கடுத்த ஆப்புன்னு வரிசையா இறக்கிட்டே போனா மரம் நூல் பிடிச்ச மாதிரி பிளக்கும். நார் நேரா ஓடுறதால அது நடக்குது. ஒரு மரத்துக்கு நாலு கை வரும், நல்ல பருமன்னா ஆறு. பிளந்த துண்டோட உள்பக்கச் சோத்தை வாச்சியால கொத்தி எடுத்துடணும். ஒரு பொட்டு விடக் கூடாது, ஏன்னா கரையானும் வண்டும் சோத்துக்குத்தான் வரும், வைரத்துக்கு வராது. மூணு விரக்கடை கனத்துக்கு வைரம் மிஞ்சினா அது நல்ல கை. இந்த வேலை செய்றவங்க உள்ளங்கையைப் பார்த்தா தெரியும். பனஞ்சிலாம்பு ஏறாத கை இருக்காது. மத்த மரத்துச் சிலாம்பு ரெண்டு நாள்ல சீழ் கட்டி வெளியே வந்துடும். பனஞ்சிலாம்பு ஊசி மாதிரி, உள்ளேயே முறிஞ்சு நிக்கும்.

கொத்தின கைகளைக் கண்மாய்ச் சகதியில சில மாசம் புதைச்சுப் போடுவாங்க. இனிப்புச் சத்து ஊறி வெளியேறினாத்தான் வண்டு துளைக்காது. ஏத்தினப்புறம் வேப்பெண்ணெய் பூசுவாங்க. அடுப்புப் புகை மீதியைப் பார்த்துக்கும். பழைய வீட்டுச் சமையக்கட்டுக் கைமரம் எப்பவும் மத்த அறைக் கைமரத்தைவிட நல்லா இருக்கிறதுக்கு அந்தப் புகைதான் காரணம். ஆணி அடிக்கிற பேச்சே கிடையாது. ஆணி வளையும், இல்லாட்டி கட்டை நீளவாக்குல வெடிக்கும். தமர் போட்டு ஓட்டை எடுத்து, முளை அடிப்பாங்க, இல்லாட்டி பனைநாரால கட்டுவாங்க. மோட்டு வளையில ரெண்டு பக்கக் கையும் மாட்டி நிக்கும், கீழ்நுனி சுவத்துக்கு வெளியே தாவாரத்துக்கு நீளும். நாட்டு ஓட்டுக் கூரைன்னா கனம் ஜாஸ்தி, கைகளை நெருக்கமாப் போடணும். வளைஞ்சு கொடுக்காத கட்டைதான் அந்தக் கனத்தைத் தாங்கும். 18 அடிக் கையை ரெண்டு முனையில மட்டும் தாங்கவிட்டு நடுவுல ஓடு அடுக்கினாலும் தொய்யாது. தேக்கு தொய்யும். இதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

இந்தக் கட்டைக்கு எங்க ஊரைத் தாண்டியும் ஒரு சரித்திரம் உண்டு. யாழ்ப்பாணம் பனைக்குப் பேர்போன ஊர்னு எல்லாருக்கும் தெரியும். அங்க 1658-லேர்ந்து ஒல்லாந்தர் ஆட்சி நடந்தப்ப, பிறகு இங்கிலீஷ்காரன் வந்த ஆரம்பத்திலயும், பனங்கட்டை பெரிய ஏற்றுமதிச் சரக்கு. கைமரமும் சட்டமுமாத் தோணியில ஏத்திச் சோழமண்டலக் கரைக்கும் கொழும்புப் பக்கமும் அனுப்புவாங்க. நம்ம கரையோரத்துப் பழைய வீடுகள்ல எத்தனைல யாழ்ப்பாணத்துப் பனை இருக்கோ, ஓட்டுக்குக் கீழே இருக்கிறதால யாரும் விசாரிச்சதில்ல. 1850-ல வில்லியம் பெர்குசன்னு ஒரு வெள்ளைக்காரர் கொழும்புல பனைக்குன்னே தனியா ஒரு புத்தகம் போட்டிருக்கார். ஒரு மரத்துக்குன்னு புத்தகம் போடுற அளவுக்கு அதுல வியாபாரம் இருந்திருக்கு. யாழ்ப்பாணத்து வீட்டுல கூட கதவு நிலைக்கு வன்னிக் காட்டு முதிரையும் பாலையும் வரும், கூரைக்கு மட்டும் பனைதான். அந்தப் பாலையும் சாதாரண மரமில்ல, இலங்கை இரும்பு மரம்னே இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு.

இங்க ரயில் வந்த கதையையும் சேர்த்துப் பார்க்கணும். 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதல் ரயில் ஓடிச்சு. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 2,000 கட்டை வரைக்கும் வேணும். சாதா மரம் போட்டா சில வருஷத்துல மக்கிப் போகும், அதனால வைரம் உள்ள காட்டு மரமாத் தேடினாங்க. அதே 1856-லதான் மதராஸ் மாகாணத்துக்கு வனத்துறை வருது, கிளெக்ஹார்ன்னு ஒரு டாக்டர்தான் முதல் அதிகாரி. 1882-ல வனச் சட்டம். காட்டோரத்துக் குடியானவன் கலப்பைக்கு ஒரு கொம்பு வெட்டினாக்கூட கேள்வி வந்துச்சு. பனை மட்டும் அவன் பட்டா நிலத்து வரப்புல நின்னதால அவன்கிட்டயே இருந்துச்சு. நாரா ஓடுற கட்டையைத் தண்டவாளத்துக்கடியில போட்டா ஆணி பிடிக்காதுங்கறது பனையோட அதிர்ஷ்டம்னு நான் நினைக்கிறேன். இல்லாட்டி அப்பவே முடிஞ்சிருக்கும்.

அதே காலத்துல நாட்டுக்கோட்டைச் செட்டியார்மாருங்க பர்மாத் தேக்கைக் கப்பல்ல கொண்டுவந்து இறக்கினாங்க. 1852 சண்டைக்கப்புறம் கீழ் பர்மா இங்கிலீஷ்காரன் கைக்கு வந்ததும் அந்த வழி திறந்துச்சு. காரைக்குடிப் பக்கத்து வளவுத் தூண்களைப் பார்க்க இன்னைக்கும் சனம் காசு கட்டி வருது. பார்க்க வேண்டியதுதான். ஆனா அது ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீட்டோட கதை. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் அந்தத் தேக்கும் நின்னு போச்சு. மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது வீடு எதுல நின்னுச்சுன்னு யாரும் படம் எடுத்துப் போடுறதில்ல.

1865-ல மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. அந்தச் சீமை ஓடு வந்ததும் கூரைக் கனம் குறைஞ்சது, கைமரமும் குறைவாப் போதும்னு ஆச்சு. பனைக்கு அது நல்லதுதான். பனையை உண்மையில் ஒதுக்கினது கர்டரும் கான்கிரீட்டும். ரயில்வே கழிச்சுப் போட்ட பழைய தண்டவாளத்தை உத்தரமாப் போட்ட வீடுகள் எங்க பக்கம் நிறைய. இரும்பு உத்தரம் போட்ட வீடுன்னா ஒரு காலத்துல பொண்ணு கொடுக்க வரிசையில நின்னாங்க.

கட்டடத்துக்குப் பனை வேண்டாம்னு ஆனப்புறம் அதை நிக்க விட்டிருக்கலாம் இல்லையா? விடல. கான்கிரீட் வீட்டுக்கும் செங்கல் வேணுமே. சூளைக்கு எரிக்கப் பனைதான் மலிவா இருந்துச்சு. லாரியில வந்து வரப்புல நிக்கிற மரத்தை எண்ணி, ஒட்டுமொத்தமா விலை பேசி, மிஷின் ரம்பத்தால அரை நாள்ல சாய்ச்சு எடுத்துட்டுப் போனாங்க. நூறு வருஷத்து வைரத்தை ஒரு ராத்திரி நெருப்புக்குக் கொடுத்து ஒரு நூறு வருஷம் நிக்காத வீட்டுக்குச் செங்கல் எடுத்தாங்க. கொடுத்தவங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஏறுற ஆளு இல்ல, பதனி இறக்க ஆளு இல்ல, மகள் கல்யாணம் நிக்குது, மரம் சும்மா நிக்குது. எங்க தெருவுலயே அப்படித்தான் போச்சு. எரிக்கிறதுக்குன்னே ஆண்டவன் கொடுத்த மாதிரி எங்க பக்கம் சீமைக்கருவேல் காடாக் கிடக்கு. அதுவும் கடினமான கட்டைதான். ஆனா எட்டடி நேரா ஒரு துண்டு எடுக்க முடியாது. வைரம் மட்டும் இருந்தா கைமரம் ஆயிடாது, நேரா வளரணும்.

யாழ்ப்பாணத்துல போனது வேற விதமா. 1983-லேர்ந்து 2009 வரைக்கும் நடந்த சண்டையில ரெண்டு தரப்பும் பதுங்குகுழிக்கு மேல அடுக்கப் பனங்குத்திகளைத்தான் வெட்டினாங்க. குண்டைத் தாங்கும்ங்கற அதோட குணமே அதுக்கு எமனாப் போச்சு. லட்சக்கணக்குல மரம் போச்சு.

1978-ல பனையைத் தமிழ்நாட்டோட மாநில மரம்னு அறிவிச்சாங்க. அறிவிச்சு 40 வருஷத்துக்கு மேல வெட்டு நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல வந்த முதல் வேளாண் பட்ஜெட்டுலதான், வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னும், 76 லட்சம் பனை விதை கொடுக்கிறோம்னும் சொன்னாங்க. நல்ல காரியம். எங்க கண்மாய்க் கரையிலயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வச்சு விதை ஊன்றினாங்க. பாதிக்கு மேல பீலி விட்டிருக்கு. ஆடு பனையைக் கடிக்காதுங்கறது ஒரு நிம்மதி.

கணக்குதான் உறுத்துது. 2021-ல ஊன்றின விதையில வைரம் ஏற 2090 தாண்டணும். இப்ப முத்தி நிக்கிற மரம் எங்க அப்பா, தாத்தா காலத்து மரம். நடுவுல ரெண்டு தலைமுறை யாரும் ஊன்றல. அதைவிடப் பெரிய ஓட்டை ஆளுங்க விஷயத்துல. மரத்தைத் தட்டிச் சத்தத்தை வச்சுச் சொல்லத் தெரிஞ்சவர் எங்க சுத்து வட்டாரத்துல இப்ப ஒருத்தர்தான் இருக்கார். வயசு 80-க்கு மேல, காதும் சரியாக் கேக்காது. கையை மரத்துல வச்சுக்கிட்டு வேற ஆளை அடிக்கச் சொல்றார்.

இப்ப பழைய பனங்கைக்கு ஒரு புது மவுசு வந்திருக்கு. வீடு இடிக்கிற இடத்துக்கு மதுரையிலேர்ந்தும் சென்னையிலேர்ந்தும் ஆளு வர்றாங்க, ஓட்டலுக்கும் பண்ணை வீட்டுக்கும் வாங்கிட்டுப் போறாங்க. வாங்குறவங்க கவனத்துக்கு ரெண்டு விஷயம். கீழ்நுனியைப் பாருங்க, தாவாரத்துல மழை பட்டு மக்கியிருந்தா அந்த ரெண்டு அடியை அறுத்துத் தள்ளிட்டு மீதியை எடுங்க. உள்பக்கத்தைப் பாருங்க, சோறு ஒட்டியிருந்தா அங்க வண்டு வீடு கட்டியிருக்கும். மெருகு ஏத்துறோம்னு மேல்பக்க வைரத்தை இழைச்சுத் தள்ளிடாதீங்க. வேங்கையில வெளியே செதுக்கினா வைரம் வரும், பனையில வெளியே செதுக்கினா வைரம் போயிடும். பட்டணத்துத் தச்சர்கள் இதைத்தான் முதல்ல தப்பாப் பண்றாங்க.

மேலத்தெருவுல அடுத்த மாசம் ஒரு வீடு இடிக்கிறாங்க. 42 கை இருக்கு, எல்லாம் பருவப்பனை, ஏத்தி நூறு வருஷம் ஆச்சுன்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க. மதுரை வியாபாரி வந்து பார்த்துட்டுப் போயிட்டார். ஆறு கை எனக்கு வேணும்னு சொல்லி வச்சிருக்கேன். மாட்டுக் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் வெடிச்சுப் போச்சு, இந்த மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும்.